ஈரச்சாக்கும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்

இந்த வாரமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் வாராவாரம் ஒரு பக்கத்தை நிரப்புவதே அதிகப்பிரசங்கித்தனம். அதிலும் இந்த வாரம் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப்போகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வாசிக்க நேர்ந்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். திருத்தம் எழுதிக் கடிதம் போட வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருத்தங்கலில் எங்கள் வீட்டு வாசலில் பால்பாண்டி வந்து நிற்கிறார். விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்னப் பை. உடம்பில் வெயிலுக்குப் பளபளவென்று மின்னுகிற ஒரு சட்டை. கையை அசைத்தால் சரசரவென்று சத்தம் போடுகிற துணி.

அந்தச் சட்டையைப் பார்த்ததும் வாசலுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

“வாங்க” என்றேன். ஆனால் வழியை விட்டு நகரவில்லை.

“என்னண்ணே, உள்ள வரலாமா?”

“வரலாம். சட்டையக் கழட்டிருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். தன் பையைப் பார்த்தார். திரும்பி, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று பார்த்தார்.

“எதுக்குண்ணே?”

“நைலான்” என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி செல்வராணியின் குரல் வந்தது. “ஏங்க, வந்த மனுசனுக்கு ஒரு செம்புத் தண்ணி குடுக்காம சட்டையக் கழட்டச் சொல்றீக? பட்டாளத்துக்கா ஆள் எடுக்கீக, ஒடம்பப் பாத்து எடுக்க?”

ஆலைப் பழக்கம்

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் பருத்தித் துணி தவிர எதுவும் போகக் கூடாது. நைலான் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி வரும். அந்தப் பொறிக்கு மருந்து காத்துக்கொண்டிருக்கும். இரும்புச் சாமான் கூடாது, பித்தளையும் மரமும்தான். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கும். உள்ளே போகும் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்குவதற்காக. பக்கத்திலேயே சிவப்பு வாளியில் மணல், இன்னொன்றில் தண்ணீர்.

இருபது வருஷம் இப்படியே இருந்தவனுக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி மணலைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். பார்க்க வந்த தெரு ஜனத்தை நாலு நாலு பேராக உள்ளே விட்டேன்.

“ஏதோ சாமி பாக்க விடுறது மாதிரி விடுறாரு” என்று எதிர்வீட்டுச் சுப்புத்தாய் சொன்னாள். ஆனால் அவளும் வரிசையில் நின்றுதான் வந்தாள். அவளும் எங்கள் ஆலைக்காரிதான். செல்வராணி அவளை மதினி என்று கூப்பிடுவாள்.

பசை

அந்தக் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்பதற்குச் செல்வராணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் வீட்டில் உட்கார்ந்து வெடி டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி ஆள் கட்டுகளைப் போட்டுவிட்டுப் போவான். மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்தால் இருட்டும்வரை ஒட்டுவாள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் பசையின் புளித்த வாடை விரலைவிட்டுப் போகாது. “சோத்துல கை வச்சா எது சோறு எது பசைன்னு தெரியல” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் புது ஆள் உட்கார்ந்திருந்தால், கையை இலைக்கு மிகவும் கிட்டத்தில் தாழ்த்தி வைத்துச் சாப்பிடுவாள். அதை நான் கவனித்திருக்கிறேன். கேட்டதில்லை.

நாற்பதை நெருங்கும்போது, யாரிடமும் சொல்லாமல், ஒரு டைப்பிங் வகுப்பில் சேர்ந்தாள். பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் வேலை. இரண்டு வருஷம் கையில் பசை வாடை இல்லாமல் இருந்தாள். அந்த அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றியபோது, ஒரு தீபாவளிக்கு, போனஸுக்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

“போனஸ் கேட்டா பொட்டி குடுக்காக” என்று ஆட்டோவிலிருந்து இறக்கினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த மாதம் பஸ் படியில் தவறி விழுந்து முழங்கால் போயிற்று. தினமும் பஸ் ஏறி இறங்க முடியாது என்று ஆகிவிட்டது. மறுபடியும் டப்பாக் கட்டு. மறுபடியும் பசை. கம்ப்யூட்டர் மேசையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அழாதீகண்ணே

அதை வீட்டிலேயே வேலைக்கு ஆகும்படி செய்துவிட்டால் என்ன என்று நாங்கள் யோசித்தது அப்போதுதான். புதிது வாங்க வழியில்லை. ஆகவே ஒரு சீசனுக்கு ஒரு உறுப்பு என்று மாற்ற ஆரம்பித்தோம்.

முதலில் மவுஸ். பிறகு கீபோர்டு. அதன் பிறகு மானிட்டர். பழைய மானிட்டரில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாம் பச்சையாகிவிடும், பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டால் சரியாகும். எனக்கு அடிக்க மனம் வராது. செல்வராணி தயங்கவே மாட்டாள். “எப்படி இம்புட்டுச் சரியா அடிக்க?” என்று ஒருநாள் கேட்டேன். “ஒங்கள நெனச்சுக்கிடுவேன்” என்றாள்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். விருதுநகரில் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கியது. மாட்டிப் பார்த்தால் அதற்குள் யாரோ ஒரு குடும்பத்தின் காதுகுத்து விழாப் படங்கள். மொட்டையடித்த குழந்தை ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அழுகிறது. “அழிச்சிரு, எடம் கெடைக்கும்” என்றேன். “புள்ள காதுகுத்தப் போயி அழிக்கச் சொல்றீகளே, நல்லாருக்குமா?” என்று விட்டாள். வாங்கிய இடத்தில் பாதி அந்தக் குழந்தைக்குப் போய்விட்டது.

கடைசியாக ராம். ஞாபக சக்திக்கான சின்ன அட்டை அது. அது போதாமல் எங்கள் பெட்டி பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

அதை வாங்க மறுபடி விருதுநகர் போனேன். கடைக்குப் போகிற வழியெல்லாம் மிளகாய் வத்தல் மண்டிகள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் நுழையும்போது என் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது. கடைக்காரர் விலையைச் சொன்னார். பேரம் பேச வேண்டும் என்று செல்வராணி சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அவர் ஐம்பது ரூபாய் குறைத்தார்.

நான் மூக்கை உறிஞ்சினேன்.

“சரி, இன்னொரு அம்பது. அழாதீகண்ணே. ஞாயித்துக்கெழம நம்ம பால்பாண்டியவே அனுப்பி மாட்டியும் தாரேன். அதுக்குத் தனியாக் காசு வேணாம்.”

வீட்டில் செல்வராணி என்னைப் பெரிய பேரக்காரன் என்று மெச்சினாள். நான் வத்தலைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜனவரி

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த அச்சகத்து முதலாளி, எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், சொல்லி அனுப்பியிருந்தார். தினசரி காலண்டர் சீசன். நாளுக்கொரு தாள். கிழமை, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அடித்துப் பக்கம் அமைக்க வேண்டும்.

“சனவரி மாசத்த மட்டும் வீட்டுல வச்சே செஞ்சு திங்கக்கெழம கொண்டாம்மா. சரியா இருந்தா மிச்சப் பதினோரு மாசமும் ஒனக்கு, வருசா வருசம் ஒனக்கு. இல்லன்னா வேற ஆளு நிக்கி.”

மாதம் ஒருமுறை பஸ் ஏறினால் போதும். முழங்கால் அதற்குத் தாங்கும்.

சனிக்கிழமைக்குள் இருபது நாள் முடித்திருந்தாள். பத்துப் பக்கத்துக்கொரு தரம் உறைந்து, அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அடித்து. மீதிப் பதினோரு நாளையும் சேர்த்து முழு மாதமாக அமைக்கப் பெட்டிக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை ராம் மாட்டியே ஆக வேண்டும்.

இனி வாசலில் நிற்கும் பால்பாண்டியிடம் திரும்புவோம்.

பால்பாண்டி சொன்ன நல்ல வார்த்தை

கடைசியில் என்னுடைய பருத்திச் சட்டை ஒன்றைக் கொடுத்தோம். அவருக்கு அது இரண்டு ஆளுக்கான சட்டை. கையை மடக்கி மடக்கி முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பித்தளைத் திருப்புளியை நீட்டினேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தார். புது அட்டையைத் தொடும் முன்னால், பெட்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

“என்ன செய்றீக?” என்றேன். புது ஆளிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

“ஒடம்புல உள்ள கரண்டு எறங்கணும்ண்ணே. இல்லன்னா இந்த அட்டை செத்துப்போகும். நைலான் சட்டையும் ஆகாதுதான். நாங்க யாரும் பாக்குறதில்ல. நீங்க சொன்னது ரொம்பச் சரி. கம்ப்யூட்டர் படிச்சவனுக்கே இது தெரியாதுண்ணே.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செல்வராணி பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் கவனிக்காததுபோல் இருந்தாள்.

ராம் மாட்டியாயிற்று. பெட்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக எழுந்தது. இருபது பக்கமும் நிற்காமல் ஓடின. செல்வராணி உட்கார்ந்து இருபத்தொன்றாம் தேதியை ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது பால்பாண்டி, காற்றோட்டத்துக்காகப் பெட்டியின் மூடியைத் திருகாமல் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொன்னார். “பழைய பொட்டி, புது ராம். சூடுதாண்ணே இதுக்கு எமன். மதிய வெயில்ல கொஞ்சம் குளிர்ச்சியா வச்சுக்கோங்க.”

ஃபேன் போடுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னார். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

குளிர்ச்சி

எங்கள் ஆலையில் கோடையில் அறையைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு வழி உண்டு. சணல் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, கீழேயும் விரித்து வாசலிலும் தொங்கவிடுவோம். ஒன்று சரியென்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டபின் மற்றது மட்டும் தப்பாகிவிடுமா?

செல்வராணி உலையை இறக்க அடுப்படிக்குப் போனாள். நான் இரண்டு சாக்குகளை நனைத்தேன். ஒன்றை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இன்னொன்றை, குழந்தைக்குத் துண்டு போர்த்துவதுபோல், மேலிருந்து பின்பக்கம் வரை போர்த்திவிட்டேன். பின்பக்கம் ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாவம், அதற்கும் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கால் மணி நேரம் கூட ஆகவில்லை.

டப்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ‘டப்’ என்பது சத்தம் அல்ல, உத்தரவு. என்ன ஏது என்று நின்று பார்க்கிறவன் எங்கள் தொழிலில் இருக்க மாட்டான். முதலில் ஓடு, அப்புறம் கேள்.

ஆகவே நான் கத்தினேன். வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை என்று தெருவே சொன்னது. “எல்லாரும் வெளிய! ஓடுங்க!”

தெரு முழுக்க ஆலைக்காரர்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சிற்கையோடு ஓடினார்கள். குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடினார். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த பால்பாண்டி, இத்தனை பேர் ஓடி வருவதைப் பார்த்து, கழற்றித் தர மறந்து போட்டிருந்த என் தொளதொளச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவரும் ஓடினார். ஒரு நிமிஷத்தில் தெருவே ஊரோரப் பொட்டலில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருந்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் ஓடவில்லை. சுப்புத்தாய் எங்கள் ஆலையில் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவள். எங்கள் வீட்டுக்குள் புகுந்தாள். பெட்டியிலிருந்து நூல்போலப் புகை வந்துகொண்டிருந்தது. மூடி இன்னும் திருகாமல் சாய்த்துத்தான் வைத்திருந்தது. அவள் சாக்கை உருவினாள், மூடியைத் தள்ளினாள், நான் கொண்டுவந்து வைத்த சிவப்பு வாளி மணலை ஒரு துகள் மிச்சமில்லாமல் உள்ளே கொட்டினாள்.

வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டாள். “அணைச்சுட்டேன்ண்ணே!”

மணல்

பால்பாண்டி உள்ளே வந்து பார்த்தார். முதலில் ஈரச்சாக்கைப் பார்த்தார். அப்புறம் மணலைப் பார்த்தார். அப்புறம் என்னை.

“என்னண்ணே இது?”

“குளிர்ச்சி” என்றேன்.

கரண்டு கொடுக்கிற பாகம் வெடித்திருக்கிறது, மூச்சு அடைத்து, ஈரமும் இறங்கிவிட்டது என்றார். மற்றவை உயிரோடு இருக்கின்றனவா என்பது மணலை எடுத்தால்தான் தெரியும். மணலோடு கரண்டு கொடுத்தால் எல்லாம் போய்விடும். “கொஞ்சம் உள்ள கெடந்தாலும் ஆகாது. எனக்கு இது முடியாதுண்ணே. ஒங்களுக்கு ஷாக் அடிக்காம விட்டுச்சே, அதச் சொல்லுங்க.”

செல்வராணி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேசை ஓரத்தில் நின்று மணலையே பார்த்தாள். இருபது நாள் அதற்குள்தான் இருந்தது.

“நாளைக்கு ரெண்டு கட்டாப் போடச் சொல்லி வச்சிருங்க” என்றாள். டப்பாக் கட்டைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மைதா காய்கிற வாடை வந்தது.

அந்த வாடை என்னை எழுப்பி உட்காரவைத்தது.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்று உண்டு. சிந்திய மருந்தைக் கூட்டுவது. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். ஊதக் கூடாது, இண்டு இடுக்கில் போய் உட்காரும். மெல்லிய பிரஷால், ஒரே பக்கமாக, மேலிருந்து கீழே, அவசரப்படாமல். ஒரு துகள் மிஞ்சினாலும் போவது உயிர். இருபது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

“நீங்க அந்தக் கரண்டுச் சாமானுக்கு வழி பாருங்க” என்று பால்பாண்டியிடம் சொன்னேன். “மணல நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசியில் ஒரு சிநேகிதனைத் தேடிப் போனார். நான் செம்புத் தட்டு ஒன்றைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். பெட்டியைச் சாய்த்து மேலாகக் கிடந்த மணலை வாளியில் சரித்துவிட்டு, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, வெள்ளை வேட்டியில் வரிசையாக வைத்து, பிரஷால் தள்ளினேன். சுப்புத்தாய் வாசலில் நின்று நாலு பேருக்கு மேல் யாரையும் விடவில்லை. “அண்ணே வேலை பாக்காரு, பேசாதீக” என்று அவள்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரம். சாப்பிடவில்லை. முதுகு நிமிரவில்லை. பால்பாண்டி யாரோ கழற்றிப்போட்ட பழைய பாகம் ஒன்றோடு வந்தபோது வேட்டியில் உழக்கு மணல் குவிந்திருந்தது. அவர் டார்ச் அடித்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் கடையில வேலைக்கு வாரீகளா?” என்றார்.

எல்லாம் மாட்டியாயிற்று. தெரு ஜனம் முழுக்க எதிர்ப்பக்கச் சுவரோரம் ஒதுங்கி நின்றது. பால்பாண்டியும் அவர்களோடு போய் நின்றுகொண்டார். நான் பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

“நீங்க தள்ளுங்க” என்றாள் செல்வராணி. பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். “போனா என் கையால போகட்டும். ஒங்கள ஆயுசுக்கும் சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அமுக்கினாள்.

ஒன்றும் இல்லை. பிறகு விசிறி சுற்றியது. உள்ளே எங்கோ மிச்சமிருந்த ஒரு மணல் மணி கிர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. திரை வெளிச்சமானது. ஜனவரியின் இருபது நாளும் அப்படியே இருந்தன. இருபத்தொன்றாம் தேதி பாதியில் நின்றிருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல், “பஞ்சாங்கத்த எடுத்து வாசிங்க” என்றாள். “சத்தமா. மத்தியானம் கத்துனீகளே, அப்படி.”

விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து ராச்சாப்பாட்டு நேரம் வரை வாசித்தேன். பதினோரு நாள்.

மறுநாள் திங்கட்கிழமை. செல்வராணி ஜனவரி முழுவதையும் ஏற்றிய பிளாப்பியை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் சிவகாசிக்குப் போனாள். அண்ணாச்சி மீதிப் பதினோரு மாதத்தையும் கொடுத்தார். இருபத்தேழாம் தேதியில் மட்டும் ராகுகாலம் விட்டுப்போயிருந்ததாம். வாசித்தது நான்.